நாகமணியைத் தேடி ஒரு நூல்நிலையத்தில்

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகேறிச் செல்வோர் கேளாமலிருக்க முடியாத கதை ஒன்றுண்டு. புளியந்தீவிலிருந்து நாகமொன்று நாள்தோறும் வாயிற் பூவைக் கவ்விக்கொண்டு கடலை நீந்தி வந்து நயினை அம்மனை வழிபட்டது. ஒருநாள் கருடன் அதனை இரையாக்கக் கருதி வழிமறித்தது. நாகம் அஞ்சிக் கடலிடை நின்ற பாறையொன்றைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிரே மற்றொரு பாறையில் அமர்ந்துகொண்டது. அவ்வழியே கப்பலிற் சென்ற வணிகன் ஒருவன் இரண்டுக்குமிடையே சமாதானம் பேசினான்; பின்னர் அம்மனுக்குக் கோயிலும் எடுப்பித்தான். பாம்பு சுற்றிய கல் என்றும் கருடன் கல் என்றும் அப்பாறைகளை இன்றும் சுட்டிக் காட்டுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆனித் திருவிழாக் காலத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரோடும் அவருடைய பழைய மாணவன் ஒருவனோடும் அக்கடலைக் கடந்துகொண்டிருந்தேன். கதை வழக்கம்போல் நடந்தது. கேட்டு முடிந்ததும் ஆசிரியர், "பாம்பு, பறவை, கப்பல், அவற்றோடு ஒரு மணி, இந்த நான்கும் சேர்ந்த கதை யூதருடைய தல்மூத் என்னும் பெருநூலிலும் இருக்கிறது, தம்பி. சொன்னவர் பெயரே இந்திய யூதா" என்றார்.

"அந்த நூலில் எவ்விடத்தில், ஐயா?" என்றான் மாணவன்.

அவர் தம் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். பழைய ஆங்கிலச் சஞ்சிகையொன்றின் அடிக்குறிப்பிலிருந்து பெயர்த்தெழுதிய ஒரே வரி: பி. பி. 74 பி. "இதற்குமேல் எனக்குத் தெரியாது. நூலை நான் கண்ணாற் கண்டதில்லை" என்றார். கற்றவர் வாயில் அரிதாக வரும் சொல் அது. அந்த ஒரு வரியை நானும் எழுதிக்கொண்டேன்.

பின்னர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் நூல்நிலையத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் ஓய்வாக இருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அட்டவணையைப் பார்த்து இடத்தைக் கண்டுகொள்வது எளிதாகவே இருந்தது. தூயியின் தசமப் பகுப்பு முறையில் 296 என்பது யூத சமயத்துக்குரிய எண். மிஷ்னாவும் தல்மூதும் 296.12 என்னும் எண்ணின் கீழ் வரும். சீர்காழி தந்த அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1933 இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையிலோ கியூ 5 என்பது யூத சமயம். யாழ்ப்பாணப் பொது நூலகம் எழுந்த காலத்தில் அதற்கு ஆலோசனை கூறியவர் என்னும் முறையில் அவர் நமக்கு உறவினர் போன்றவரே. எண் வரையில் வந்துவிட்டேன். அங்கே நின்றதும் திகைத்தேன். ஒரு சுவர் முழுவதும் பெரிய பெரிய தொகுதிகள். முதுகில் எபிரேய எழுத்து. ஆசிரியர் பெயர் எதிலும் இல்லை.

முதலில் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்தேன். இலண்டன் சொன்சினோ அச்சகத்தார் 1935 தொடங்கிப் பல ஆண்டுகளாக வெளியிட்ட வரிசை அது. பி. பி. என்னும் எழுத்துக்களில் தொடங்கும் தொகுதியைத் தேடிப் 'பாவா பத்ரா' என்பதே அது என்று கண்டுபிடித்து, 74 ஆம் பக்கத்தைத் திறந்தேன். கடலுமில்லை, பாம்புமில்லை, அயலார் இருவரின் வழக்கொன்று நடந்துகொண்டிருந்தது. அடுத்து, எருசலேம் தல்மூத் என்றொரு நூல் இருக்கக் கண்டு அதனை எடுத்தேன். அதிலும் பாவா பத்ரா உண்டு. ஆனால் அதனைப் பெரும்பாலும் அதிகாரம், பிரிவு என்று எண்ணிக் குறிப்பிடுகிறார்கள். எழுபத்து நான்கு என்று அங்கே எதுவும் இல்லை. மூன்றாவதாக மூலத்தையே பார்த்துவிடுவோமென்று முழம் நீளமுள்ள எபிரேயத் தொகுதியை மேசையில் இறக்கி, நம் வழக்கப்படி இடப்புறத்திலிருந்து திறந்தேன். நான் திறந்தது நூலின் கடைசி ஏடு. எதிரே இருந்து படித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், நூலை மறுபுறம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

இந்த நூல்களின் அமைப்பை அறியாமல் அவற்றினுள் எதையும் தேட இயலாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அமைப்பு ஒன்றும் நமக்குப் புதியதன்று. மோசேயின் ஐந்து ஆகமங்கள் யூதருக்கு எழுதப்பட்ட வேதம். அதனோடு வாய்மொழியாகவும் ஒரு வேதம் ஆசிரியர் வழி மாணாக்கர் வழியாக வந்ததென்பது அவர்கள் கொள்கை. மோசேயிலிருந்து இன்னார், இன்னாரிலிருந்து இன்னார் என்று அப்பரம்பரையை எண்ணிச் சொல்லும் ஏடும் அவர்களிடம் உண்டு. நக்கீரர் உரைத்த களவியலுரை பத்துத் தலைமுறை வாய்மொழியாகவே வந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனாரிடம் சேர்ந்தது என்று நாம் படித்திருக்கிறோமல்லவா? அதுபோன்றதே. கி. பி. 200 அளவில் கலிலேயாவில் யூதா என்னும் தலைவர் அவ்வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்தார். அத்தொகுப்பே மிஷ்னா. விதைப்பு, திருநாட்கள், மகளிர், இழப்பு, திருப்பொருள்கள், தூய்மை என்னும் ஆறு பகுதிகள். அவற்றுள் அறுபத்து மூன்று பனுவல்கள். ஒரு பகுதிக்குள் பனுவல்களைப் பெரும்பாலும் அதிகாரத் தொகை மிக்கதிலிருந்து குறைந்ததற்கு இறங்குமுறையாக அடுக்கியிருக்கிறார்கள். அகவலடிகளின் தொகையைக் கொண்டு குறுந்தொகை, நற்றிணை, அகம் என வகுத்த நம் முன்னோருக்கு இந்த முறை விளங்கியிருக்கும்.

மிஷ்னாவைப் பாடமாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக நடந்த வாதங்களின் திரட்டு கெமாரா. மூலமும் வாதமும் சேர்ந்ததே தல்மூத். எருசலேமின் பெயரால் வழங்குவது சிறியது, முற்பட்டது. பாபிலோனியாவில் தொகுக்கப்பட்டது பெரியது, கி. பி. ஐந்நூறு, அறுநூறு அளவில் உருப்பெற்றது. வெறுமனே 'தல்மூத்' என்றால் பெரியதையே குறிக்கும். நான் எருசலேம் தல்மூதில் இடறியது இதை அறியாததால்தான்.

இனி, எண்ணைப் பார்ப்போம். 1520 தொடங்கி 1523 வரை வெனிஸ் நகரில் தானியேல் பொம்பெர்க் என்னும் கிறித்தவ அச்சாளர் பாபிலோனியத் தல்மூதை முதன்முதலாக முழுமையாக அச்சிட்டார். அவர் பக்கத்துக்கு எண் இடவில்லை. நம் சுவடிகளிற் போல ஏட்டுக்கே எண் இட்டார். ஏட்டின் முன்புறம் 'ஏ', பின்புறம் 'பி'. முகப்பேட்டை ஒன்றாகக் கொள்வதால் நூல் எப்போதும் இரண்டாம் ஏட்டில்தான் தொடங்கும். எண்களும் எழுத்துக்களே: அயின் என்னும் எழுத்து எழுபது, தாலெத் நான்கு, இரண்டும் அடுத்து நின்றால் எழுபத்து நான்கு. பழைய அச்சுநூல்களில் எ என்றும் ய என்றும் தமிழிலக்கம் கண்டு பழகிய நமக்கு இதிலும் வியப்பில்லை. பொம்பெர்க்குக்குப் பின் எத்தனையோ நகரங்களில், எத்தனையோ அளவுகளில் அந்நூல் அச்சாகியிருக்கிறது. 1880 களில் வில்னாவில் ரொம் குடும்பத்தார் பதிப்பித்த பதிப்பே இன்று எங்கும் வழங்குவது. எந்தப் பதிப்பிலும் ஒரு பனுவலின் எழுபத்து நான்காம் ஏட்டின் பின்புறத்தில் ஒரே செய்திதான் இருக்கும். மொழிபெயர்ப்புக்களும் தம் பக்க எண்ணோடு அந்த ஏட்டெண்ணையும் தாங்கி நிற்கின்றன. நான் ஆங்கிலத் தொகுதியில் தவறவிட்டது அதைத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனமில்லை. நம் தொல்காப்பியத்துக்கு இப்படி ஓர் ஏட்டெண் இல்லை. இளம்பூரணர் ஒன்றாகக் கொண்ட சூத்திரத்தை நச்சினார்க்கினியர் இரண்டாகக் கொள்வார். ஒருவர் பதிப்பில் உள்ள எண் மற்றவர் பதிப்பில் உதவாது. "தொல். பொருள். இத்தனை" என்று எழுதிவிட்டு எவருடைய உரைப்படி என்று சொல்லாமல் விடும் கட்டுரைகளால் மாணவர் படும் பாட்டை ஆசிரியர்கள் அறிவார்கள்.

இம்முறை வலப்புறத்திலிருந்து ஏடுகளைப் புரட்டினேன். அயின், தாலெத். ஏட்டின் தலையில் மூன்று செய்திகள் இருந்தன: பனுவலின் பெயர், அதிகாரத்தின் எண், அதிகாரத்தின் பெயர். அதிகாரத்துக்குப் பெயர் அதன் முதற்சொற்களாலேயே வழங்குகிறது. நாமும் ஒரு பாட்டை அதன் முதற்குறிப்பால் வழங்குவதுண்டு. அந்த அதிகாரத்தின் பெயரைப் பொருள் கண்டபோதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது: 'கப்பலை விற்பவன்'.

பாவா பத்ரா என்பதற்குக் 'கடைவாயில்' என்று பொருள். இழப்பு என்னும் பகுதியின் முதல் மூன்று பனுவல்களும் மூன்று வாயில்கள், இது மூன்றாவது. வீடு, கிணறு, தோட்டம், மதில், விற்பனை, மரபுரிமை முதலிய உடைமை வழக்குகளைப் பேசுவது. அதன் ஐந்தாம் அதிகாரம் கேட்கும் வினா இது: ஒருவன் கப்பலை விற்றான் என்றால் எவை எவை விற்கப்பட்டன? பாய்மரம், பாய், நங்கூரம், கப்பலைச் செலுத்தும் கருவிகள் ஆகியவை கப்பலோடு சேர்ந்தவை. அடிமைகளும் சரக்கும் சரக்குப் பைகளும் சேர்ந்தவையல்ல. கப்பலையும் அதிலுள்ள அனைத்தையும் என்று சொல்லி விற்றால் மட்டும் எல்லாம் வாங்கினவனுக்கு. வள்ளமும் வத்தையும் விற்று வாங்கும் ஊர்காவற்றுறையார் கேட்டால் இது நம்மூர் உறுதி எழுதும் வினாவன்றோ என்பார்கள்.

மிஷ்னாவின் அந்தச் சில வரிகளுக்குக் கெமாரா சொற்பொருள் கூறத் தொடங்குகிறது. பாய்மரத்துக்கு ஏன் இந்தச் சொல்? நங்கூரத்துக்கு ஏன் அந்தச் சொல்? தோணிக்கு எந்தப் பெயர்? கடலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. உடனே, சட்டமெல்லாம் ஒருபுறம் கிடக்க, கடலோடிகளின் கதைகள் புறப்பட்டுவிடுகின்றன. ராபா பர் பர் ஹனா என்பவர் சொன்னவை பல. தீவென்று எண்ணி மீனின் முதுகில் இறங்கிச் சமைத்தவர்களின் கதை அவற்றுள் ஒன்று. அவ்வரிசையில், எழுபத்து நான்காம் ஏட்டின் பின்புறத்தில், நம் இந்திய யூதா வாய்திறக்கிறார்.

அவர் சொன்னதன் சாரம் இது. ஒருமுறை நாங்கள் கப்பலிற் செல்கையில் கடலுள் ஒரு மணியைக் கண்டோம். அதனைப் பெரும்பாம்பொன்று சுற்றிக்கிடந்தது. மணியை எடுக்க ஒருவன் மூழ்கினான். பாம்பு சீறியெழுந்து கப்பலையே விழுங்க வந்தது. அப்போது ஒரு காக்கை பறந்து வந்து அதன் தலையைத் துண்டித்தது; நீரெல்லாம் குருதியாயிற்று. மற்றொரு பாம்பு வந்து அந்த மணியை எடுத்துச் செத்த பாம்பின்மேல் வைத்தது, அது உயிர்பெற்றது. மீண்டும் கப்பலை விழுங்க வந்தது. மீண்டும் ஒரு பறவை வந்து தலையைத் துண்டித்து, மணியைக் கப்பலுள் எறிந்தது. எங்களிடம் உப்பிட்ட பறவைகள் சில இருந்தன. மணியை அவற்றின்மேல் வைத்தோம். அவை உயிர்பெற்று, மணியையும் தூக்கிக்கொண்டு பறந்துபோயின.

வேறொன்றுமில்லை. கதை அங்கே முடிகிறது. அடுத்த வரியில் வேறொருவர் லெவியாத்தானைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.

கதையைச் சுற்றியிருந்த பக்கத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். நடுவே பெரிய எழுத்தில் மூலம். நிறுத்தக்குறியும் இல்லை, உயிர்க்குறியும் இல்லை, புள்ளியிடாத ஓலையைப் போல. தைத்த ஓரத்தை ஒட்டி ஓர் உரை. வெளியோரத்தில் 'தோசபோத்' எனப்படும் மேலுரை. தைத்த ஓரத்து உரை, பிரான்சு தேசத்துத் துருவா நகரத்தில் வாழ்ந்து 1105 இல் மறைந்த ராஷி எழுதியது என்று எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்லும். ஆனால் பாவா பத்ராவில் மட்டும் அப்படி எண்ணிவிடக் கூடாது. இப்பனுவலில் ராஷியின் உரை இருபத்தொன்பதாம் ஏட்டோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் எழுதியவர் அவருடைய மகள் வயிற்றுப் பேரர் ரஷ்பாம். பாம்பின் தலையைத் துண்டித்தது காக்கை என்று நமக்குச் சொல்பவர் பாட்டனார் அல்லர், பேரனார். பேராசிரியர் உரை பொருளதிகாரத்தின் பின்னான்கு இயல்களுக்கே கிடைக்க, முன்னைந்து இயல்களுக்கு நச்சினார்க்கினியரைக் கொண்டு நிரப்பிப் படிக்கும் நமக்கு இதுவும் பழகிய அநுபவமே. புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் உரைக்குறிப்போடு 1937 தொடங்கிச் சுன்னாகத்தில் நா. பொன்னையா அச்சிட்ட தொல்காப்பியப் பதிப்பைப் பயின்றவர்கள் சூத்திரம், உரை, உரைக்கு விளக்கம் என்ற அந்த அடுக்கைத் தல்மூதின் ஒரே பக்கத்தில் அருகருகே காணலாம்.

ஓரங்களில் இன்னும் நுண்ணிய எழுத்தில் வேறு குறிப்புக்கள் உண்டு. இதே செய்தி வேறு எந்தப் பனுவலில், எந்த ஏட்டில் வருகிறது என்று ஒன்று காட்டும். வேதவசனமாயின் அதன் இடத்தை மற்றொன்று காட்டும். சட்டமாயின் பிற்காலத்தார் எப்படி முடிவு செய்தனர் என்று வேறொன்று, மைமோனிடிஸ் பதினான்கு நூல்களாக வகுத்த மிஷ்னே தோராவுக்கும், யோசேப்பு காரோ தொகுத்து 1565 இல் வெனிசில் அச்சான ஷுல்கான் அரூக்குக்கும் வழிகாட்டும். ஆகவே வேதவசனம் கையிலிருந்தால் வசன வரிசையில் அமைந்த மித்ராஷ் நூல்களிற் புகலாம். தீர்ப்பு மட்டும் வேண்டுமாயின் சட்டத் தொகுதிக்கு நேரே போகலாம். வாதம் வேண்டுமாயின் பனுவலுக்கே வரவேண்டும். கதை வேண்டுமாயின்? அதற்கு நேர்வழி இல்லை. கப்பல் விற்பனை வழக்கில் கடற்கதை கிடக்கிறது. பொருளை அன்று, அக்காலத்தார் எந்த வினாவின் கீழ் அதனை வைத்திருப்பார்கள் என்பதையே தேடவேண்டும்.

இதனை நம் கடலிலேயே சோதித்துப் பார்த்தேன். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று இருக்கிறது. அவன் ஆட்சிக்காலம் 1153 முதல் 1186 வரை. கலாநிதி கா. இந்திரபாலா 1963 இல் அதனைப் படித்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்பது அதன் தொடக்கம். ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறையே. அரசனுக்கு யானையும் குதிரையும் வேண்டியிருந்தன. எனவே அவற்றை ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கப்பல் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு.

உடைந்த கப்பலின் பொருள் யாருக்கு என்னும் இதே வினாவை ரபிமார் எங்கே வைத்திருப்பர்? 'கப்பலை விற்பவன்' அதிகாரத்தில் தேடினேன், வீண். அது இருப்பது நடுவாயிலாகிய பாவா மெத்சியாவின் இரண்டாம் அதிகாரத்தில், தெருவில் கண்டெடுத்த பணத்தையும் கம்பளித் துண்டையும் பற்றிய வழக்குகளோடு. ஏனெனில் அவர்களுக்கு அது கப்பலைப் பற்றிய வினாவன்று. இழந்த பொருளைப் பற்றிய வினா. கடல் வாரிக்கொண்டு போனதை உடையவன் கைவிட்டுவிடுகிறான். ஆதலால் அடையாளம் இருந்தாலும் கண்டெடுத்தவனுக்கே அது சொந்தம் என்பது அவர்கள் தீர்வு. நயினாதீவுக் கல்வெட்டில் உடையவன் கைவிடுவது என்ற பேச்சே இல்லை. அவன் பங்கு அவனுக்கு உண்டு, அரசன் பங்கு அரசனுக்கு உண்டு. கண்டெடுத்தவனுக்கு ஒன்றுமில்லை. எந்தத் தீர்வு நேரியது என்று மாணவர்கள் வாதிட்டுப் பார்க்கலாம். என்வரையில், கப்பல் இழந்த வணிகனை மறுமுறையும் வரச்செய்யும் சூழ்ச்சி கல்வெட்டில்தான் இருக்கிறது.

அந்தக் கல்வெட்டுக் காலத்திலேயே, அந்தச் சட்டநூல்களை ஒழுங்குபடுத்திய மைமோனிடிசின் வீட்டுக்கு இந்தியக் கடலிலிருந்து துயரச் செய்தி ஒன்று போயிற்று. இரத்தின வாணிகம் செய்து குடும்பத்தைத் தாங்கிய அவர் தம்பி தாவீது, இந்தியாவை நோக்கி வந்த கப்பலோடு மூழ்கினார். தம் பணத்தோடு தமையன் பணமும் பிறர் பணமும் அவரோடு போயின. ஏறக்குறைய ஓராண்டு நோயுற்றுப் படுக்கையிற் கிடந்ததாக மைமோனிடிசே கடிதம் எழுதியிருக்கிறார்.

இனி, ஒரு கேள்வி எழும். நயினாதீவின் பாம்புதான் பாபிலோன் போயிற்றா? நம்மவர் சிலர் இந்நேரம் ஆம் என்று எழுதத் தொடங்கியிருப்பர். மணிபல்லவத்தில் மணிப்பீடிகைக்காக நாக அரசர் இருவர் போர்செய்த கதை மணிமேகலையில் உண்டு. மணிபல்லவம் நயினாதீவே என்பார் பலர். எபிரேய வேதத்தில் மயிலைக் குறிக்கும் துக்கி என்னும் சொல் நம் தோகை என்று கால்டுவெல் காலம் தொட்டே பேசப்படுகிறது. இவற்றையெல்லாம் ஒரு கயிற்றில் கோத்துவிட எவ்வளவு ஆசையாக இருக்கிறது! ஆனால் ஏட்டைத் திறந்து படித்தவன் அப்படிச் செய்யத் தயங்குவான். நயினைக் கதையில் பாம்பு அடியவன். தல்மூதில் பாம்பு பகைவன். இங்கே வணிகன் பறவையைத் தடுக்கிறான். அங்கே பறவைதான் வணிகரைக் காக்கிறது. இங்கே முடிவில் கோயில். அங்கே கையிலிருந்த மணியும் பறந்துபோகிறது. யூதா எந்தத் துறையிற் கப்பலேறினார் என்பதையும் ஏடு கூறவில்லை. மணியைக் காக்கும் பாம்பின் கதை ஒரு கடலுக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியரின் அடிக்குறிப்பு மட்டும் இருந்திருந்தால் நானும் அந்த முடிச்சைப் போட்டிருப்பேன்.

தல்மூதைப் பற்றி இப்படி ஏட்டெண் இல்லாமல் எழுதப்பட்டவை வீண் பெருமை பேசியதோடு நின்றதுமில்லை. அது இன்ன தீமையைச் சொல்கிறது, இன்ன பழியைச் சொல்கிறது என்று, திறந்து பாராதவர்கள் எழுதியதைக் காட்டி, நூலையே தீயிலிட்டார்கள். 1242 இல் பாரிசில் இருபத்து நான்கு வண்டி கொண்ட சுவடிகள் எரிக்கப்பட்டன. அதனைக் குறித்து ரோத்தன்பர்க்கு மெயிர் என்னும் ரபி பாடிய இரங்கற்பாவை யூதர் ஆண்டுதோறும் நோன்பு நாளில் ஓதுகிறார்கள். 1553 இல் உரோமையின் காம்போ தெ பியோரி சதுக்கத்தில் மீண்டும் எரித்தார்கள். அச்சான நூல்கள் அம்முறை. ஆயினும் வேறு நகரங்களில் அது மறுபடி அச்சேறியபோது ஏட்டெண் மாறவில்லை. எரிந்த பிரதியைக் குறித்து எழுதிய மேற்கோள், எரியாத பிரதியில் தன் இடத்தைக் கண்டுகொண்டது.

1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின. அதைக் கண்ட அதிர்ச்சியிலேயே பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர் நீத்தார். எம். ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையை எழுதினார். நம்மிடமும் இரங்கற்பா உண்டு. ஆனால் நம் பழைய கட்டுரைகள் எத்தனையில் "ஒரு ஏட்டுப் பிரதியிற் கண்டது", "பழைய சுவடியொன்று கூறும்" என்று மட்டும் இருக்கிறது! எந்தச் சுவடி, யார் வீட்டது, எத்தனையாம் ஏடு? 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தார் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து எண்ணிட்டுச் சேர்த்து வருகிறார்கள்; இடமறியாத அத்தகைய மேற்கோளை அவர்களாலும் எங்கே வைக்க முடியும்?

தீவகத்தார் இத்துறையில் முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊர்காவற்றுறைக் கரம்பனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூல்நிலையங்களில் தமிழைத் தேடினார். தமிழ் என்ற பெயரின் கீழ் அன்று. இலத்தீனிலும் போர்த்துக்கேயத்திலும் அவர்கள் எந்தத் தலைப்பில் வைத்திருப்பார்கள் என்று எண்ணித் தேடினார். 1679 இல் அம்பலக்காட்டில் அச்சான புரோவென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை அவர் வத்திக்கான் நூல்நிலையத்திற் கண்டெடுத்தது அப்படித்தான். 1966 இல் கோலாலம்பூரில் அதனை மறுபதிப்பாக வெளியிட்டபோது யாரும் சென்று மூலத்தைச் சரிபார்க்கும் வகையிலேயே வெளியிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாணவனும் உடனிருந்தான். கதையைக் காட்டிலும் பக்கத்தின் அமைப்பே ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது. "நம் கோயிலில் கந்தபுராணப் படிப்பு நடக்கிறதே, ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்ல, அதைத் தாளில் அச்சிட்டது போல இருக்கிறது" என்றார். யூதரும் அதனை இருவராக அமர்ந்தே படிக்கிறார்கள் என்றும், 1923 இல் மெயிர் ஷபிரோ என்னும் ரபி வகுத்த முறைப்படி உலகெங்கும் நாளொன்றுக்கு ஓரேடாக ஏழரை ஆண்டில் 2,711 ஏடுகளையும் முடிக்கிறார்கள் என்றும் சொன்னேன். மாணவனின் கேள்வி வேறாக இருந்தது: "அந்த இந்திய யூதா பிறகு என்ன ஆனார், ஐயா?"

அதற்கும் ஓர் ஏடு உண்டு. பாவா பத்ராவில் அன்று. மகளிர் என்னும் பகுதியில், மண ஒப்பந்தம் பற்றிய கித்துஷின் என்னும் பனுவலில், 22 ஆம் ஏட்டின் பின்புறத்தில். பெண்ணை மனைவியாகக் கொள்ளும் வழி யாது என்று தொடங்கும் அப்பனுவல், கொள்ளுதல் என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு, அடிமையைக் கொள்ளும் வழி யாது என்று போகிறது. அதற்கு உதாரணமாக வருகிறார் யூதா. அவர் யூத சமயத்தைத் தழுவியவர், வாரிசு இல்லாதவர். அத்தகையவர் இறந்தால் அவர் பொருள் முதலிற் கைப்பற்றுவோனுக்கு உரியது. அவர் நோயுற்றிருக்க, மார் ஸுத்ரா என்னும் ரபி நலம் விசாரிக்கச் சென்றார். முடிவு நெருங்கிவிட்டதைக் கண்டார். உடனே யூதாவின் அடிமையை அழைத்து, தம் காலணிகளைக் கழற்றித் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி சொன்னார். எசமானன் உயிர் பிரியும் கணத்தில் அடிமை இவருக்குப் பணிசெய்துகொண்டிருந்தால் அவன் இவருக்கு உரியவனாவான் என்பது சட்டம்.

மாணவன் சிறிதுநேரம் பேசாதிருந்தான். பிறகு குறிப்புப் புத்தகத்தை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, பழைய வரியின் கீழே எழுதிக்கொண்டான்: கித்துஷின், 22, பின்புறம்.